யார் தொடங்கியது? தரம் 11 வகுப்பறையில் 1914 ஆம் ஆண்டுப் போர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பு வடக்கில் உள்ள ஒரு தமிழ்மொழி மூலப் பாடசாலையில் இது நடந்தது. தரம் 11 வரலாற்றுப் பாடத்தில் உலகப் போர்களும் ஒரு பகுதி. அதைப் பத்து வருடத்துக்கு மேலாகக் கற்பித்து வரும் ஆசிரியை ஒருவர், தன் வகுப்பை வந்து பார்க்கும்படி என்னைக் கேட்டார். நான் வரலாற்றுப் பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகர். பரீட்சைப் பெறுபேற்றில் அவருக்குக் குறை இல்லை. அவரை உறுத்தியது வேறு விஷயம்.

முதலாம் உலகப் போரின் காரணங்கள் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்புவித்தார்கள். இராணுவவாதம், கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தேசியவாதம். உடனடிக் காரணம் ஒஸ்திரிய இளவரசரின் கொலை. புள்ளியும் முழுதாகக் கிடைத்தது. ஆனால் அந்த விடைகளில் ஒரு மனிதர்கூட எந்த முடிவும் எடுக்கவில்லை. மாரிமழை போல ஒரு நாள் போர் வந்து இறங்கியது என்றுதான் எல்லாக் கொப்பிகளிலும் இருந்தது. "இதைத்தான் இவ்வளவு காலமும் படிச்சுக் குடுத்தனானா எண்டு யோசனையா இருக்கு" என்றார் ஆசிரியை.

வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், மலையகத்திலிருந்து தொழிலுக்கு வந்தவர்களின் பிள்ளைகள், தலைமுறையாகக் கொழும்பிலேயே இருப்பவர்கள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். எங்கள் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வளர்ந்த பிள்ளைகள்தான் எல்லோரும். ஆனால் அந்தப் போர் பற்றி வீட்டில் பேசாத பிள்ளை அங்கே ஒன்றும் இல்லை.

முதல் பாடத்தில் கவனித்தவை

ஒரு மாணவி எழுந்து தன் விடையை வாசித்தார்: "கூட்டணிகள் இருந்தபடியால் எல்லா நாடுகளும் போருக்குள் இழுக்கப்பட்டன." ஆசிரியை அவரை உட்காரவிடாமல் கேட்டார், "இத்தாலி யாரோட கூட்டு?" ஜேர்மனியோடும் ஒஸ்திரியா-ஹங்கேரியோடும், 1882 இலிருந்து. சரியான விடை. "அப்ப 1914 ஓகஸ்டில இத்தாலி யாற்ற பக்கம் நிண்டு சண்டை பிடிச்சது?" மாணவி பாடநூலைத் திறந்து பக்கத்தில் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். அடுத்த பக்கத்தையும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் தேடத் தொடங்கினார்.

இத்தாலி அந்த ஓகஸ்டில் யார் பக்கமும் நின்று சண்டை பிடிக்கவில்லை. நடுநிலை என்று அறிவித்தது. 1915 மே மாதத்தில் போருக்குள் வந்தபோது, தன் பழைய கூட்டாளி ஒஸ்திரியாவுக்கு எதிராகவே வந்தது. ருமேனியாவும் 1883 முதல் இரகசியமாக அதே கூட்டில் இருந்த நாடு. அதுவும் 1914 இல் ஒதுங்கி நின்று, 1916 இல் மறுபக்கம் சேர்ந்தது. பிரித்தானியாவின் கதை வேறு. பிரான்சோடு 1904 இலும் ரஷ்யாவோடு 1907 இலும் அது செய்துகொண்டவை குடியேற்ற நாடுகள் தொடர்பான தகராறுகளைத் தீர்க்கும் உடன்பாடுகள். போரில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவற்றில் இல்லை. ஆனாலும் பிரித்தானியா போருக்குப் போனது.

அடுத்து ஆசிரியை கரும்பலகையில் மூன்று ஆண்டுகளை எழுதினார். 1908 இல் ஒஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சேர்பியா கொதித்தது, ரஷ்யா அவமானப்பட்டது, ஆனால் போர் வரவில்லை. 1911 இல் ஜேர்மனி தன் போர்க்கப்பலை மொரோக்கோவின் அகாதிர் துறைமுகத்துக்கு அனுப்பியது. பிரித்தானியா வெளிப்படையாகவே எச்சரித்தது. கடைசியில் பிரெஞ்சுக் கொங்கோவில் ஒரு பகுதியை ஜேர்மனிக்குக் கொடுத்து விஷயத்தை முடித்தார்கள். 1912 இல் பால்கன் போர் வந்தது. வல்லரசுகளின் தூதர்கள் இலண்டனில் கூடி, அது பெரும் போராக மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பாடமாக்கிய நான்கு காரணங்களும் இந்த மூன்று ஆண்டுகளிலும் இருந்தவைதான். அப்படியானால் 1914 இல் மட்டும் ஏன்?

வகுப்பில் இருந்து முதலில் வந்த பதில், "சேர்பியாக்காரன்தானே டீச்சர் சுட்டவன், அவங்கதான் தொடங்கினது." இல்லை, ஜேர்மனிதான் என்றார் இன்னொருவர். போருக்குப் பின் ஜேர்மனி கையெழுத்திட்ட வெர்சாய் உடன்படிக்கையின் 231 ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது என்று இலக்கத்தோடு வாதிட்டார். குரல்கள் ஏறின. அப்போது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன், "எங்கட சண்டைய ஆர் தொடங்கினது எண்டே இன்னும் தெரியேல்ல, இதில ஜேர்மனி" என்றான். ஒருவர் 83 என்றார். அதுக்கு முதலே என்றார் வேறொருவர். முன்வரிசையில் இருந்த முஸ்லிம் மாணவி திரும்பிப் பார்த்து, "எங்கட உம்மாட ஆக்களை யாழ்ப்பாணத்தில இருந்து வெளியேத்தினது 90 ஒக்டோபர்ல. அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பாடவேளை முடியும் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இப்படியான இடத்தில் பல ஆசிரியர்கள் "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். அவர்களுடைய பயம் எனக்கு விளங்கும். ஆனால் அப்படி மூடினால், வரலாறு என்பது எங்களைத் தொடாத ஊர்களைப் பற்றிய பாடம் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அதே இடத்தில் திறந்துவிட்டாலோ, யார் உரத்துப் பேசுகிறாரோ அவர்தான் வெல்வார். ஆசிரியை இரண்டையும் செய்யவில்லை. "இந்தக் கேள்வி எங்களுக்கு வேணும். நான் மறக்க மாட்டன். ஆனா ஒரு போர் எப்பிடி வந்தது எண்டு கேக்கிறதுக்கு முதல்ல பழகுவம். எங்கட வீட்டில யாரும் சாகாத ஒரு போரில பழகுவம்" என்றார். அன்று மாலையே அதிபரைச் சந்தித்து, என்ன நடந்தது, இனி என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லி அனுமதி பெற்றார். பிற்பாடு இது மிகவும் உதவியது.

அடுத்த முடிவு, கொலை நடந்த 1914 யூன் 28 இலிருந்து பிரித்தானியா போர் அறிவித்த ஓகஸ்ட் 4 வரையான நாட்களை ஐந்து தலைநகரங்களாகப் பிரித்துப் படிப்பது. வியன்னா (ஒஸ்திரியா), பேர்லின் (ஜேர்மனி), சென் பீற்றர்ஸ்பேர்க் (ரஷ்யா), பாரிஸ் (பிரான்ஸ்), இலண்டன் (பிரித்தானியா). ஒவ்வொரு குழுவுக்கும் பிறிஸ்டல் அட்டையில் வெட்டிய துண்டுகள் கொடுக்கப்பட்டன. அந்தத் தலைநகருக்கு அந்தத் திகதியில் தெரிந்திருந்தது மட்டுமே துண்டில் இருக்கும். ஒவ்வொரு திகதிக்கும் அவர்கள் மூன்று விஷயம் எழுத வேண்டும்: இவர்கள் எதற்குப் பயந்தார்கள், வேறு என்ன செய்திருக்கலாம், யார் என்ன முடிவெடுத்தார். ஆளின் பெயர் இல்லாத விடை திருப்பிக் கொடுக்கப்பட்டது.

நான்கு காரணங்களையும் அவர் தூக்கி எறியவில்லை. அவற்றை "சூழல்" என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தார். சூழல் போரைச் சாத்தியமாக்கும், அந்தச் சாத்தியத்தை நடக்க வைப்பது ஆட்கள் என்பதுதான் அவர் பிள்ளைகளுக்குக் கொண்டுபோக நினைத்தது. என் கருத்தில், போரின் காரணங்களைப் படிப்பிப்பதில் விட்டுவிடவே கூடாத விஷயம் இது.

ஐந்து தலைநகரங்கள்

வியன்னா குழுவுக்கு முதல் துண்டிலேயே அதிர்ச்சி. கொலையுண்ட இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்ட், சேர்பியாவோடு போர் வேண்டாம் என்று தடுத்து வந்தவர். படைத்தளபதி கொன்றாட் பல வருடங்களாகப் போர் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தடுக்கக்கூடிய ஆளைத்தான் கொலையாளி பிரின்சிப் சுட்டான். ஹங்கேரியின் பிரதமர் திசா போருக்கு உடன்படவில்லை. அவரை இணங்க வைக்க யூலை நடுப்பகுதி ஆகிவிட்டது. "ரெண்டு கிழமையா ஒராள் மாட்டன் எண்டு சொல்லியிருக்கிறார் டீச்சர், புத்தகத்தில அவர்ட பேரே இல்லையே" என்று ஒரு மாணவன் கேட்டான்.

பேர்லின் குழுவுக்கு யூலை 5. ஒஸ்திரியத் தூதரிடம், நீங்கள் என்ன செய்தாலும் பின்னால் நிற்கிறோம் என்று ஜேர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்ம் சொல்கிறார். மறுநாள் தலைமை அமைச்சர் பெத்மன் ஹொல்வெக்கும் அதை உறுதிப்படுத்துகிறார். பிறகு கைசர் நோர்வேப் பக்கம் கப்பல் பயணம் போய்விடுகிறார். ஏன் இப்படித் துணிந்தார்கள் என்று எழுதத்தான் அந்தக் குழு அதிக நேரம் எடுத்தது. ரஷ்யா தன் இராணுவத்தைப் பெருப்பிக்கும் திட்டம் 1917 இல் முடியும். அதன் பிறகு ரஷ்யாவை வெல்ல முடியாது, போர் வருவதென்றால் இப்போதே வரட்டும் என்பது ஜேர்மன் தளபதிகளின் கணக்கு. எதிரி வளர்கிறான், காலம் நமக்கு எதிராகப் போகிறது என்ற இந்தப் பயம் நான்கு காரணப் பட்டியலில் எங்கேயும் இல்லை. எனக்குக் கேட்டால், அந்த நான்கையும் விட இதுதான் ஆழமான காரணம். ஒஸ்திரியாவுக்கும் அதே பயம்தான், அங்கே சேர்பியாவைப் பார்த்து. பின்வாங்கினால் இனி யாரும் எங்களை மதிக்க மாட்டார்கள் என்று ரஷ்யாவும் பயந்தது. பொஸ்னியா விஷயத்தில் பட்ட அவமானம் அங்கே ஆறவில்லை.

யூலை 23 மாலை ஆறு மணிக்கு ஒஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கை சேர்பியாவிடம் கொடுக்கப்பட்டது. பிரெஞ்சு ஜனாதிபதி புவங்காரே ரஷ்யாவிலிருந்து கப்பல் ஏறும் வரை காத்திருந்து கொடுத்தார்கள். பிரான்ஸ், ரஷ்யா என்ற இரு கூட்டாளிகளும் நேரில் இருந்து கலந்து பேசக் கூடாது என்பதற்காக. இதை அறிந்தபோது பாரிஸ் குழு கோபப்பட்டது. பதிலுக்கு 48 மணித்தியாலம். சேர்பியா பெரும்பாலான நிபந்தனைகளுக்கு இணங்கியது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஒஸ்திரிய அதிகாரிகள் பங்கெடுப்பதற்கு மட்டும் திட்டமாக மறுத்தது.

யூலை 28 காலை, அந்தப் பதிலை வாசித்த கைசர், போருக்கான காரணமே இனி இல்லை என்று எழுதினார். அன்றே ஒஸ்திரியா தந்தி மூலம் சேர்பியாமீது போர் அறிவித்தது. இந்த இரண்டு துண்டுகளையும் ஆசிரியை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வியன்னா குழுவும் பேர்லின் குழுவும் எழுந்து வந்து குனிந்து வாசித்தன.

சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ரஷ்யப் பேரரசர் சார் நிக்கலஸ் யூலை 29 அன்று முழுப் படைதிரட்டலுக்குச் சம்மதித்தார். வில்ஹெல்மிடமிருந்து தந்தி வந்ததும் அதை நிறுத்தினார். உறவினர்களான இருவரும் ஆங்கிலத்தில் "நிக்கி", "வில்லி" என்று கையெழுத்திட்டுத் தந்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பிற்பகல் வெளிநாட்டமைச்சர் சசனொவ் வற்புறுத்த, சார் திரும்பவும் உத்தரவிட்டார். ஒரு மனிதர் ஒரு நாளுக்குள் இரண்டு தடவை மனம் மாறியதைப் பார்த்த பிறகு, போர் தவிர்க்க முடியாததாக இருந்தது என்று வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 1 இல் நடந்ததுதான் பேர்லின் குழுவைக் கலக்கியது. பிரான்சைத் தாக்காவிட்டால் பிரித்தானியா ஒதுங்கி நிற்கும் என்று இலண்டனிலிருந்து ஒரு செய்தி. கைசர் மகிழ்ந்துபோய், படை முழுவதையும் ரஷ்யாப் பக்கம் திருப்பச் சொன்னார். தளபதி மோல்ட்கே முடியாது என்றார். ஜேர்மனியிடம் இருந்தது ஒரே ஒரு திட்டம். பெல்ஜியம் ஊடாகப் போய் முதலில் பிரான்சை வீழ்த்துவது, பிறகு ரஷ்யாவின் பக்கம் திரும்புவது. இலட்சக்கணக்கான படையினரை ஏற்றும் ரயில்களுக்கு நேர அட்டவணை போட்டாயிற்று. "அவர் அரசர்தானே, ஏன் ஏலாது?" என்று ஒரு மாணவி விடாமல் கேட்டார். அந்தத் திட்டத்தைப் பல வருடங்களாகத் தீட்டியவர்களும் மனிதர்கள்தான், வேறு வழியே இல்லாதபடி தீட்டியதும் ஒரு முடிவு என்று ஆசிரியை பதில் சொன்னார். இலண்டன் செய்தி பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டது என்று அன்றிரவே தெரியவந்தது.

இலண்டன் குழுவை விரைவாக முடித்தார்கள். பிளவுபட்ட அமைச்சரவை, இரண்டு அமைச்சர்களின் விலகல், பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839 இல் கொடுத்த உறுதி, ஓகஸ்ட் 4 இரவு போர்.

அந்த அறிவிப்போடு இலங்கையும் போருக்குள் போனது. இங்கே யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைகளை விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அழைத்துப்போய் அங்குள்ள போர் நினைவுத்தூணைக் காட்டினார்கள். அது முதலில் காலிமுகத்திடலில் நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியத் தாக்குதலுக்குப் பயந்து பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்டது. 1914 செப்தெம்பரில் சென்னையைச் சுட்ட ஜேர்மனியின் எம்டன் கப்பல் நவம்பரில் தோற்றபோது, பிடிபட்ட மாலுமிகள் கொழும்புத் துறைமுகத்துக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது ஆங்கிலேயர் இங்கே இராணுவச் சட்டம் பிறப்பித்து அவ்வளவு கடுமையாக நடந்ததற்கும், போர்க்காலத்தில் அவர்களைப் பிடித்திருந்த பயம் ஒரு காரணம். பெயர் தெரியாத தலைநகரங்களில் எடுத்த முடிவுகள் கொழும்புத் தெருவுக்கு வந்து சேர்ந்த வழியைப் பிள்ளைகள் தாங்களாகவே வரைந்தார்கள்.

பிள்ளைகளின் கேள்விக்குத் திரும்பியது

சில வாரங்களுக்குப் பிறகு, சொன்னபடியே ஆசிரியை பழைய கேள்வியை எடுத்தார். நிபந்தனைகள் இரண்டுதான். விருப்பம் இல்லாதவர் பேசத் தேவையில்லை. "உங்கட ஆக்கள்" என்று யாரும் யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது, முடிவெடுத்தவரின் பெயரையோ பதவியையோ சொல்ல வேண்டும். கேள்விகள் அதே மூன்று.

1948 குடியுரிமைச் சட்டத்தை மலையகப் பின்னணி மாணவி ஒருவர் எழுதினார். 1956 தனிச் சிங்களச் சட்டம், பிரதமர் பண்டாரநாயக்க தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு 1957 இல் செய்து 1958 இல் கிழித்த பண்டா-செல்வா ஒப்பந்தம், 1981 இல் எரிந்த யாழ். நூலகம், 1983 யூலை, எல்லாம் பலகையில் ஏறின. ஒப்பந்தத்தை ஒருவர் செய்யவும் முடிந்தது, அவரே கிழிக்கவும் முடிந்தது என்பதில் வகுப்பு நெடுநேரம் நின்றது. அந்த முஸ்லிம் மாணவி 1990 ஒக்டோபரை எழுதி, முடிவெடுத்தவர் என்ற இடத்தில் புலிகளின் தலைமை என்று எழுதினார். முதல் நாள் பின்வாங்கிலிருந்து பேசிய மாணவன், "அது சரி" என்று மட்டும் சொன்னான். அவன் குடும்பம் வன்னியிலிருந்து வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாணவன் தொடக்கத்திலேயே வெளியே போக அனுமதி கேட்டு, பாடவேளை முடியும் வரை நூலகத்தில் இருந்தான். ஆசிரியை காரணம் கேட்கவில்லை.

விளைவு

தவணைப் பரீட்சை விடைகள் கலவையாக வந்தன. பலர் முதல் தடவையாக "ஏன் 1911 இல் இல்லை" என்ற கேள்வியைத் தாமே எழுப்பி விடை எழுதியிருந்தார்கள். ஆனால் சிலர் யூலை நாட்களில் மூழ்கி, சூழல் காரணங்களை ஒரு வரிகூட எழுதாமல் புள்ளி இழந்தார்கள். புள்ளித்திட்டம் அந்த நான்கையும்தான் எதிர்பார்க்கிறது. ஒரு தந்தை பாடசாலைக்கு வந்து, பரீட்சைக்கு வேண்டியதைப் படிப்பித்தால் போதும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சாதாரண தரப் பெறுபேறு ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பிவிடும். அதிபர் முன்கூட்டியே அறிந்திருந்ததால் பேச்சு முறைப்பாடாக மாறவில்லை. அதன் பிறகு நான்கு காரணங்களை முதற் பந்தியில் எழுதிவிட்டு முடிவுகளுக்குப் போகும்படி ஆசிரியை பழக்கினார்.

231 ஆவது பிரிவைச் சொன்ன மாணவர் தன் நிலைப்பாட்டை விடவில்லை. ஜேர்மனியின் பொறுப்பே பெரிது என்று 1961 இல் வாதிட்டவர் பிரிட்ஸ் பிஷர் என்ற ஜேர்மன் வரலாற்றாசிரியரே என்று அறிந்ததும் அவருக்கு இன்னும் பலம் வந்தது. ஆனால் இப்போது அவர் யூலை 5 ஐயும் பெத்மன் ஹொல்வெக்கையும் காட்டி வாதிட்டார். அது போதும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

சேர்பியாவின் தலைநகரான பெல்கிறேட்டுக்கும் ஒரு குழு கட்டாயம் வேண்டும். ஐந்து வல்லரசுகளை மட்டும் வைத்ததால், சிறிய நாட்டுக்கு முடிவெடுக்கும் ஆட்களே இல்லை என்பது போல ஆகிவிட்டது. பிரதமர் பாசிச்சும், கொலைகாரர்களுக்கு ஆயுதம் கொடுத்த இராணுவப் புலனாய்வுத் தலைவர் அப்பிசும் ஒரே ஊரில் ஒருவருக்கொருவர் எதிராக இருந்தவர்கள். அதற்கான துண்டுகளை ஆசிரியை எழுதி முடித்துவிட்டார்.

போர் வராமல் முடிந்த ஆண்டுகளிலிருந்து பாடத்தைத் தொடங்குவது நல்லது. எங்கள் போரைப் பற்றிப் பேசும் பாடவேளையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரும் வகுப்பில் இருக்க வேண்டும், விலகி நிற்க விரும்பும் பிள்ளை எல்லோர் முன்னாலும் கைதூக்கிக் கேட்கும் நிலை வரக் கூடாது.

வேறு பாடசாலை ஆசிரியர்கள் சிலர், 1939 ஐயும் இதே துண்டு முறையில் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். அப்படியே எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. 1914 இல் ஐந்து தலைநகரிலும் பயம் இருந்தது, பொறுப்பு கூடக்குறையப் பல கைகளில் இருந்தது. 1939 இல் ஹிட்லர் போரை விரும்பினார். 1938 மியூனிக் உடன்பாட்டில் கேட்டதைக் கொடுத்தும், அடுத்த மார்ச்சில் அவர் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராக்குக்குள் படையோடு நுழைந்தார். எல்லோருக்கும் ஒரே அளவு துண்டைக் கொடுத்து எல்லோரும் பயந்தார்கள் என்று எழுத வைத்தால், பிள்ளைகள் பொய்யான சமநிலையைப் படிப்பார்கள். அந்தப் போருக்கு பேர்லினிலிருந்து தொடங்கும் வேறொரு பாடம் தயாரிக்க வேண்டும். அதை இந்த ஆசிரியையே எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்.